கர்ப்பப்பை, சினைப்பை அறுவை சிகிச்சைகள்: மகளிர் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் மகளிர் நோய் மருத்துவராக இருக்கிறேன். வெளிநோயாளர் அறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை, பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பொதுவானவை, உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவரின் சொல்லுக்கு இவை மாற்றாகா.

ஸ்கேனில் ‘பல்க்கி யூட்ரஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். கர்ப்பப்பை வீங்கிவிட்டதா? எடுத்துவிட வேண்டுமா?

ஸ்கேன் அறிக்கையில் வரும் சொற்களில் இந்த இரண்டைப் போல வீண் அச்சத்தை விதைத்தவை வேறு இல்லை என்றே சொல்வேன். குழந்தை பெறாத பெண்ணின் கர்ப்பப்பை ஏறத்தாழ 7 முதல் 8 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. கைமுட்டியை விடச் சிறியது. இரண்டு மூன்று பிள்ளைகளைச் சுமந்து பெற்ற பிறகு அது சற்றுப் பெரிதாகவே இருக்கும். அதை அளந்து பார்த்த ஸ்கேன் மருத்துவர் ‘பல்க்கி’ என்று எழுதுகிறார். அந்தச் சொல் ஓர் அளவைக் குறிக்கிறதே தவிர, ஒரு நோயின் பெயர் அன்று.

சில பெண்களுக்கு கர்ப்பப்பையின் உட்சவ்வு தசைச் சுவருக்குள் ஊடுருவி வளர்வதால் அது பருத்திருக்கும். அடினோமயோசிஸ் எனப்படும் இந்நிலையில் மாதவிடாய் அதிகமாகவும் கடுமையான வலியோடும் வரும். அப்போதும் சிகிச்சை அந்த வலிக்கும் உதிரப்போக்குக்கும்தான். தொல்லை எதுவும் இல்லையென்றால் அறிக்கையை மடித்து உறையில் வைத்துவிடலாம். கர்ப்பப்பை வாயில் தோன்றும் சிறு நீர்க்கட்டியான ‘நபோத்தியன் சிஸ்ட்’ என்பதும், கர்ப்பப்பைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தைக் குறிக்கும் ‘பி.ஓ.டி.யில் சிறிதளவு திரவம்’ என்பதும் பெரும்பாலும் இயல்பான பெண்களிடம் காணப்படுபவையே.

எனக்குப் போவது அதிகமா, எல்லோருக்கும் போவதுபோலத்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாடநூல்கள் ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்கின்றன. ஆனால் வீட்டில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆகவே நான் வேறு விதமாகக் கேட்பேன். ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் எழுந்து மாற்றுகிறீர்களா? நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? அந்த நாட்களில் பேருந்தில் ஏற அஞ்சி வேலைக்கு விடுப்பு எடுக்கிறீர்களா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலே ஹீமோகுளோபின் பரிசோதனை அவசியம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதை ‘வயசாகிவிட்டது’ என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, ஹீமோகுளோபின் 6 கிராமுக்கு இறங்கிய பிறகு வரும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

மாதவிடாய் முழுமையாக நின்று 12 மாதங்கள் கடந்த பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது தனி வகை. அளவைப் பொருட்படுத்தாமல் வர வேண்டும். ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அதிலிருந்து திசு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவோம். பெரும்பாலும் தீங்கற்ற காரணமே தெரியவரும். கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோயாக இருந்தாலும் இவ்வாறு தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

முதல் முறை வரும்போது உள்பரிசோதனை கட்டாயமா? மகளுக்குத் திருமணமாகவில்லை.

கட்டாயமில்லை. பரிசோதனை எதற்கு என்று விளக்கி, சம்மதம் கேட்டு, பெண் செவிலியர் உடனிருக்கவே செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். உடலுறவு அனுபவம் இல்லாத பெண்களுக்கு உள்பரிசோதனையைத் தவிர்த்து, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்தாலே தேவையான தகவல் பெரும்பாலும் கிடைத்துவிடும். தாயை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லி மகளிடம் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே சரியாகாதா?

அதிக உதிரப்போக்குக்காக வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் முயன்று பார்க்க வேண்டியது மருந்துதான். டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையை உதிரம் அதிகமாகப் போகும் மூன்று நான்கு நாட்களுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் போக்கு கணிசமாகக் குறையும். ஹார்மோன் மாத்திரைகள் இன்னொரு வழி. இவற்றை விட நம்மூரில் குறைவாகவே பயன்படுத்தப்படுவது ஹார்மோன் காயில்: காப்பர் டி போன்ற சிறு கருவியைக் கர்ப்பப்பைக்குள் பொருத்தினால், அதிலுள்ள 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் சிறுகச் சிறுகக் கசிந்து உட்சவ்வை மெலியச் செய்கிறது, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சொட்டுச் சொட்டாகக் கறை படும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாவது மாதமே ‘இதை எடுத்துவிடுங்கள், டாக்டர்’ என்று வந்து நிற்பார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களில் பலர் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பிறகு பேசுவதே இல்லை.

டி அண்டு சி என்கிறார்களே, கர்ப்பப்பையைச் ‘சுத்தம்’ செய்வதா?

‘க்ளீனிங்’ என்ற சொல்லால் வந்த குழப்பம் இது. கர்ப்பப்பையில் அழுக்கு சேர்வதில்லை; அதைச் சுத்தம் செய்யத் தேவையும் இல்லை. கர்ப்பப்பை வாயைச் சற்று விரித்து, உட்சவ்வைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதே டி அண்டு சி. இப்போது பெரும்பாலும் ஹிஸ்டெராஸ்கோப் என்னும் மெல்லிய கேமராவை உள்ளே செலுத்தி, கண்ணால் பார்த்துக்கொண்டே பாலிப் (உட்சவ்வில் வளரும் சிறு சதை) இருந்தால் அகற்றுகிறோம். பார்க்காமல் சுரண்டினால் மூலையில் ஒட்டியிருக்கும் பாலிப் தப்பிவிடும். கருச்சிதைவுக்குப் பிறகு எஞ்சிய திசுவை அகற்ற, சுரண்டுவதற்குப் பதிலாக உறிஞ்சி எடுப்பதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; அளவுக்கு மீறிய சுரண்டல் கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் காரணமாகலாம்.

ஃபைப்ராய்டு கட்டி 4 சென்டிமீட்டர் இருக்கிறது. அது புற்றுநோயாக மாறுமா?

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையிலிருந்து வளரும் தீங்கற்ற கட்டி. அது புற்றாக இருப்பது மிக மிக அரிது. மாதவிடாய் நின்ற பிறகும் வளரும் கட்டியை மட்டும் சந்தேகத்தோடு பார்ப்போம்.

கட்டியின் அளவை விட அது இருக்கும் இடமே முக்கியம். உட்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும் 2 சென்டிமீட்டர் கட்டி ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளும் அளவுக்கு உதிரத்தைப் போக்கும். வெளிப்புறச் சுவரில் தொங்கும் 6 சென்டிமீட்டர் கட்டியை, வேறொன்றுக்காக எடுத்த ஸ்கேனில்தான் முதன்முறையாக அறிந்துகொள்வார்கள். முன்னதை ஹிஸ்டெராஸ்கோப் வழியாகவே, வயிற்றில் ஒரு கீறலும் இல்லாமல் செதுக்கி எடுத்துவிடலாம். பின்னதை ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை ஸ்கேனில் கண்காணித்தால் போதும். மாதவிடாய் நின்றதும் இவை பொதுவாகச் சுருங்கிவிடும் என்பதால் 48 வயதுப் பெண்ணுக்குக் காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

குழந்தை வேண்டுவோருக்கும் கர்ப்பப்பையை இழக்க விரும்பாதோருக்கும் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி இருக்கிறது. அதில் உதிர இழப்பு கூடுதலாக இருக்கலாம். கட்டிகள் மீண்டும் முளைக்கலாம். பிற்காலக் கர்ப்பத்தில் சிசேரியன் தேவைப்படலாம். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

சினைப்பையில் கட்டி என்றால் உடனே ஆபரேஷனா?

மாதந்தோறும் சினைப்பையில் ஒரு நீர்க்குமிழ் வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியேற்றுகிறது. சில மாதங்களில் அந்தக் குமிழ் வெடிக்காமல் 4, 5 சென்டிமீட்டர் வரை பெரிதாகித் தங்கிவிடும். இத்தகைய சாதாரண நீர்க்கட்டிகள் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குள் தானே கரைந்துபோகும். ஆகவே மறு ஸ்கேனுக்கு வரச் சொன்னால், மருத்துவர் அலட்சியம் காட்டுவதாக நினைக்க வேண்டாம். சினைப்பையில் பல சிறு நீர்க்குமிழ்கள் காணப்படும் ‘பி.சி.ஓ.டி.’ என்பது வேறு. அதில் இருப்பவை அகற்ற வேண்டிய கட்டிகளே அல்ல.

கரையாதவை சில உண்டு. டெர்மாய்டு கட்டியைத் திறந்தால் உள்ளே கொழுப்பும் முடியும், சில நேரம் ஒரு பல்லும்கூட இருக்கும். இதைக் கண்டு ‘செய்வினை’ என்று அஞ்சும் குடும்பங்களுக்கு, முட்டை உயிரணுவுக்கு எல்லாத் திசுவாகவும் வளரும் ஆற்றல் இருப்பதால் நேர்வது இது என்று விளக்கியிருக்கிறேன். கர்ப்பப்பை உட்சவ்வைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயில் பழைய உதிரம் சேர்ந்து, உருகிய சாக்லேட் போலக் கெட்டியான திரவம் நிறைந்த கட்டி உருவாகும். கட்டியில் திடப் பகுதி இருந்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகத் தோன்றினாலோ, சி.ஏ. 125 போன்ற இரத்தப் பரிசோதனைகளோடு புற்றுநோய்க் கோணத்திலும் ஆராய வேண்டும்.

கட்டியுள்ள பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது சில மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டிய அவசரம். காலைவரை பார்க்கலாம் என்று சுக்குக் கஷாயம் குடித்துக் காத்திருந்தால் சினைப்பையே செத்துப்போகக்கூடும். உரிய நேரத்தில் வந்தால் முறுக்கை விடுவித்து அதைக் காப்பாற்றிவிடலாம்.

சினைப்பைக் கட்டி அறுவையின் வரலாறு 1809-இல் அமெரிக்காவின் கெண்டக்கியில் தொடங்குகிறது. மயக்க மருந்து என்பதே இல்லாத அக்காலத்தில் எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டியை அகற்றினார். அந்தப் பெண் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

கர்ப்பப்பையை எடுப்பது எப்போது உண்மையாகவே தேவை?

கர்ப்பப்பையின் உட்சவ்விலோ வாயிலோ புற்றுநோய், மருந்துக்கும் மாற்று வழிகளுக்கும் அடங்காத உதிரப்போக்கு, அருகிலுள்ள உறுப்புகளை அழுத்தும் அளவுக்குப் பெரிய ஃபைப்ராய்டுகள், கடுமையான அடினோமயோசிஸ், தொல்லை தரும் கர்ப்பப்பை இறக்கம், பிரசவத்துக்குப் பின் உயிருக்கு ஆபத்தான இரத்தப் பெருக்கு ஆகியவை நியாயமான காரணங்கள். வெள்ளைப்படுதல் காரணமாகாது. இடுப்பு வலியும் தனியாகக் காரணமாகாது. ‘பிள்ளை பெற்று முடிந்துவிட்டதே, இனி அது எதற்கு, வைத்திருந்தால் புற்று வரும்’ என்பது காரணமே அன்று. நல்ல உறுப்பை அகற்ற அச்சமூட்டுவதற்குச் சொல்லப்படும் சொல் அது.

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 3 பேர் கர்ப்பப்பையை இழந்தவர்கள். பக்கத்து ஆந்திராவில் அந்த எண் 9-ஐ ஒட்டி நிற்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், மாதவிடாய் நாட்களில் வேலைக்கு வராமல் போனால் கூலி பிடிக்கப்படும் என்ற நிலையில், கரும்பு வெட்டும் பெண்கள் பெருமளவில் இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையற்ற இத்தகைய அறுவைகளைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் ஏற்றுச் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது.

உங்களுக்கு 40 வயதுக்குக் கீழ் என்றால், இரண்டாவது மகளிர் மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அப்படிக் கேட்பதால் முதல் மருத்துவர் கோபித்துக்கொண்டால், கேட்டது சரிதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எடுப்பதுதான் எடுக்கிறோம், சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் என்ன?

கர்ப்பப்பை போனால் மாதவிடாய் நிற்கும். சினைப்பைகள் இருந்தால் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். அவற்றையும் எடுத்துவிட்டால் இயற்கையாகப் பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடும். 38 வயதுப் பெண் மறுவாரமே உடலெல்லாம் தீப்பற்றியது போன்ற வெப்பமும் வியர்வையும் தூக்கமின்மையுமாக அவதிப்படுவாள். அதைவிடக் கவலைக்குரியவை கண்ணுக்குத் தெரியாதவை: எலும்பு தேய்கிறது, இதய நோய் வாய்ப்பு கூடுகிறது. 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் இழந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை தருவதே முறை. நம்மிடம் பலருக்கு இது சொல்லப்படுவதே இல்லை.

ஆகையால் மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு, சினைப்பையில் நோயோ, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றமோ இல்லையெனில், அவற்றை விட்டுவைப்பதே பொது வழக்கம். சினைக்குழாய்களை மட்டும் சேர்த்து அகற்றுகிறோம். சினைப்பைப் புற்றுநோய்களில் மிகக் கொடிய வகை பெரும்பாலும் குழாயின் நுனியிலிருந்தே தொடங்குகிறது என்பது இந்த நூற்றாண்டில் தெரியவந்த உண்மை.

வயிற்றைத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா? எது நல்லது?

முதலில் கேட்க வேண்டியது, ‘கீழ்வழியாகவே செய்ய முடியாதா?’ என்பதுதான். கர்ப்பப்பை மிகப் பெரிதாக இல்லாமல் நன்றாக அசையுமானால், பிறப்புறுப்பு வழியாக அகற்றுவதில் வயிற்றில் தழும்பு இல்லை, வலி குறைவு, செலவும் குறைவு. இளைய மருத்துவர்களிடம் இந்தக் கைவண்ணம் அருகிவருவது என் வருத்தம். அது இயலாதபோது லேப்ராஸ்கோப்பி: அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவிலான மூன்று நான்கு துளைகள், கரியமில வாயுவால் உப்பவைத்த வயிறு, திரையில் பார்த்துச் செய்யும் அறுவை. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். மறுநாள் தோள்பட்டை வலித்தால் அஞ்ச வேண்டாம். உள்ளே எஞ்சிய வாயுவின் வேலை அது.

மிகப் பெரிய கட்டிகளுக்கும் பல முறை அறுவை நடந்து குடல் ஒட்டியிருக்கும் வயிறுகளுக்கும் திறந்து செய்வதே பாதுகாப்பு. எந்த முறையில் உங்கள் மருத்துவருக்குக் கை பழகியிருக்கிறதோ அதுவும் கணக்கில் சேரும். ரோபோ வழி அறுவை சாதாரணக் கர்ப்பப்பை நீக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பியை விட மேலான பலனைத் தருவதில்லை. கட்டணம் மட்டும் மேலானது.

அம்மாவுக்கு ‘அடி இறக்கம்’. இருமினாலே சிறுநீர் கசிகிறது என்று இப்போதுதான் சொல்கிறார்.

பத்தாண்டு மறைத்து வைத்திருந்திருப்பார். தொடக்க நிலைக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி போதும்; அறுவைக்குத் தகுதியில்லாத முதியவர்களுக்கு ரிங் பெசரி என்னும் வளையத்தைப் பொருத்தி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவரலாம். முற்றிய இறக்கத்துக்குக் கீழ்வழியாகக் கர்ப்பப்பையை அகற்றி, தளர்ந்த சுவர்களைத் தைத்து வலுப்படுத்துவோம். இன்னும் குழந்தை வேண்டும் இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பையை நாடாவால் முதுகெலும்போடு இழுத்துக்கட்டும் முறை உண்டு. இதை வகுத்தவர்களில் ஒருவரான பம்பாய் மருத்துவர் ஷிரோத்கரின் பெயர், கருச்சிதைவைத் தடுக்கக் கர்ப்பப்பை வாயில் போடும் தையலுக்கும் உலகெங்கும் வழங்குகிறது. இருமும்போது சிறுநீர் கசிவதற்குத் தனிச் சிகிச்சை தேவைப்படலாம். இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்து யார் போட வேண்டும்? கணவர் ஊரில் இல்லை.

18 வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள பெண்ணின் கையெழுத்தே சட்டப்படி போதும். கணவர் கையெழுத்தில்லாமல் செய்ய மாட்டோம் என்பது மருத்துவமனை வழக்கமாக இருக்கலாம்; சட்டம் அப்படிக் கேட்கவில்லை. கருக்கலைப்புச் சட்டமும் பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கோருகிறது.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை இங்கே சொல்ல வேண்டும். திருமணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர் நீடித்த மாதவிடாய்க்காகச் சென்று, லேப்ராஸ்கோப்பி வழியாக நோயைக் கண்டறிவதற்கு மட்டும் மயக்க மருந்துக்குச் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், நினைவு திரும்பும்வரை காத்திருந்து அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும் என்றும், கண்டறிவதற்குத் தந்த சம்மதம் அகற்றுவதற்கான சம்மதம் ஆகாது என்றும் நீதிமன்றம் கூறியது. ஆகவே படிவத்தில் எந்த உறுப்பு என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் என்ன செய்ய வேண்டும்? முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி வருமாமே?

இரத்த சோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நரம்பு வழி இரும்புச்சத்து ஊசி சில வாரங்களில் ஹீமோகுளோபினை உயர்த்திவிடும் என்பதால், திட்டமிட்ட அறுவையில் இரத்தம் ஏற்றுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும் வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும்; முந்தைய இரவிலிருந்து நாவறளக் கிடப்பது தேவையில்லாத தண்டனை. முதுகுத்தண்டில் போடும் ஊசிக்குப் பின் சில நாட்கள் அந்த இடத்தில் வலி இருக்கலாம். ஆண்டுக்கணக்கான முதுகுவலிக்கு அது காரணமில்லை.

என்னென்ன ஆபத்து வரலாம்? மறைக்காமல் சொல்லுங்கள்.

இரத்தப்போக்கு, தொற்று, காலின் ஆழ்ந்த இரத்தக்குழாயில் இரத்தம் உறைவது, மயக்க மருந்தின் விளைவுகள் ஆகியவை எந்தப் பெரிய அறுவைக்கும் பொது. கர்ப்பப்பை நீக்கத்துக்கே உரிய ஆபத்து சிறுநீர்ப்பாதையில் இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், கர்ப்பப்பையின் இரத்தக்குழாய்க்கு அடியில், கர்ப்பப்பை வாயிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நழுவிச் செல்கிறது. அந்த இரத்தக்குழாயைக் கட்டும் கணத்தில்தான் எந்த அறுவை மருத்துவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். சிறுநீர்ப்பையோ குழாயோ காயப்படுவது ஏறத்தாழ 100-இல் ஒருவருக்கு நேர்கிறது. முன்பு சிசேரியன் செய்தவர்களுக்குச் சற்று அதிகம். அறுவை மேசையிலேயே கண்டுபிடித்துவிட்டால் அப்போதே தைத்துச் சரிசெய்துவிடலாம்.

பத்தியம் எத்தனை நாள்? எப்போது வேலைக்குப் போகலாம்?

பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், தண்ணீர் குடித்தால் புண் ஆறாது, இரண்டும் பொய். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும்: சாம்பார், முட்டை, மீன், சுண்டல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். மலச்சிக்கல்தான் உண்மையான எதிரி. ஆகவே தண்ணீரும் கீரையும் பழமும் அவசியம்.

அறுவை முடிந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுந்து நடக்க வைப்போம். பாட்டி கோபித்துக்கொள்வார், ஆனால் படுத்தே கிடந்தால்தான் காலில் இரத்தம் உறையும். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, குழந்தை எதையும் தூக்க வேண்டாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு லேப்ராஸ்கோப்பி என்றால் மூன்று வாரத்தில் போகலாம். வயலில் நாற்று நடுகிறவருக்கு இரண்டு மாதமாவது வேண்டும். தாம்பத்தியம் ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு, ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு. கர்ப்பப்பையை எடுத்தால் ‘உள்ளே வெறுமையாகிவிடும்’ என்றும் கணவருக்குத் தெரிந்துவிடும் என்றும் மெல்லிய குரலில் கேட்பவர்கள் பலர். பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடுகிறோம். நீளத்திலோ உணர்விலோ பெரிய மாற்றம் இருக்காது.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, நாற்றத்தோடு நீர் வடிந்தாலோ, புதிய உதிரம் கொட்டினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, இடைவிடாமல் சிறுநீர் கசிந்தாலோ, தேதி பார்க்காமல் வாருங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததால்தான் மாதவிடாய் அதிகமாகிறதா?

இல்லை. அதில் சினைக்குழாய்கள் மட்டுமே துண்டிக்கப்படுகின்றன. வயதோடு வரும் மாற்றத்தை அதன் மேல் ஏற்றிச் சொல்கிறோம். ஆனால் ஏறத்தாழ 200-இல் ஒருவருக்கு அது தோற்றுக் கருத்தரிக்கலாம். அப்படித் தரிக்கும் கரு குழாயிலேயே தங்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே நாள் தள்ளினால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முன்கூட்டியே பரிசோதனை உண்டா?

உண்டு, அதுவும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, கட்டணமில்லாமல், 30 வயது கடந்த எல்லோருக்கும். வினிகரில் உள்ள அதே அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்தால், மாற்றமடைந்த பகுதி வெளுத்துக் காட்டும். இந்த எளிய முறையின் வலிமையை உலகுக்குக் காட்டிய ஆய்வு நடந்தது திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில். பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒருமுறை செய்த இந்தச் சோதனையும் தொடர் சிகிச்சையும், இந்நோயால் நேரும் மரணத்தை 35 சதவீதம் குறைத்தன என்று 2007-இல் வெளியான முடிவுகள் கூறின. வெளுத்த பகுதியை உறைய வைத்தோ மின்கம்பி வளையத்தால் சீவியோ அகற்றினால் போதும். கர்ப்பப்பை முழுவதையும் எடுக்கத் தேவையில்லை.

எடுத்த கர்ப்பப்பையைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். அதன் பிறகு அது என்னவாகிறது?

அறுவை அரங்கின் கதவைப் பாதி திறந்து, செவிலியர் ஒரு கிண்ணத்தில் அதைக் காட்ட, உறவினர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சி எல்லா மருத்துவமனைகளிலும் உண்டு. அதோடு விஷயம் முடிந்துவிடக் கூடாது. அந்த உறுப்பு ஃபார்மலின் நிரம்பிய குடுவையில், உங்கள் பெயர் ஒட்டப்பட்டு, நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டும். ஒன்று இரண்டு வாரத்தில் பயாப்சி அறிக்கை வரும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

போன மாதம் 58 வயது அம்மா ஒருவர் வயிற்றுக் கட்டியோடு வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் ‘கர்ப்பப்பை ஆபரேஷன்’ நடந்ததாகச் சொன்னார். சினைப்பைகளை விட்டுவைத்தார்களா, கர்ப்பப்பை வாயையும் எடுத்தார்களா, எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டேன், ஒன்றும் தெரியவில்லை. காகிதங்கள் ஒரு மழைக்காலத்தில் நனைந்து போய்விட்டனவாம். தெரிந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் முடிவுக்கு வர எங்களுக்கு மூன்று வாரமும் ஓர் எம்.ஆர்.ஐ. செலவும் ஆயின. டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் பயாப்சி அறிக்கையையும் கைப்பேசியில் படமெடுத்து, மகளுக்கோ மகனுக்கோ அனுப்பி வையுங்கள். மூலத்தைக் குடும்ப அட்டை இருக்கும் அதே பையில் போட்டு வையுங்கள்.